பென்டிரைவில் ஏழு லோகம்

செப்டம்பர் 22

சகல லோகத்தாருக்கும் அறிவிப்பது யாதெனில்: இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துக் கயிலாயம் வரை சல்லடை போட்டாலும் நம்புகிற ஆத்மா ஒன்று அகப்படாது. இது சத்தியம். என் சத்தியத்தையும் யாரும் நம்புவதில்லை என்பது தனி விஷயம்.

டைரி, யூபிஎஸ் பேட்டரிக்காரர் தை மாதம் கொடுத்தது. டைரியை வாங்கிக்கொண்டேன், பேட்டரியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த யூபிஎஸ் எட்டு மாதமாக 'கீ… கீ…' என்று கத்துகிறதாம். எனக்குக் கேட்பதில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை பால்வண்ணம் அண்ணாச்சி இன்றைக்கும் எட்டிப் பார்த்து, "வே கொம்பையா, அந்தக் குருவிக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தும்வே, செத்துரப்போவுது" என்றார்.

என்னைப் பற்றி: கொம்பையா, வயது ஐம்பத்தேழு, கம்ப்யூட்டர் ரிப்பேர். செத்த கம்ப்யூட்டரை நான் முறைத்துப் பார்த்தாலே போதும், எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லும். கலெக்டர் ஆபீஸ் சர்வர் ஒன்று என் செருப்புச் சத்தம் கேட்டே குணமாகியிருக்கிறது.

சாயங்காலம் செண்பகவல்லி மதினி வந்தார். மடியில் குழந்தை மாதிரி ஒரு பை. உள்ளே அண்ணனின் லேப்டாப்.

அண்ணன் உலகநாதன், பஸ் கண்டக்டர். தொண்டையில் புற்று. மாசியில் போய்விட்டார். குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள், மகள் ரஞ்சனியின் கல்யாணத்துக்கு என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆசீர்வாதம் பேசி இந்த லேப்டாப்பில் பதிந்து வைத்தார். அப்புறம் சிலேட்டில் எழுதிக் காட்டியதோடு சரி. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. நவம்பர் எட்டு முகூர்த்தம். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்லது நடக்க வேண்டும் என்று வைத்தது. லேப்டாப்போ எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"தம்பி, கதை விடாம ஒத்த வார்த்தை சொல்லுங்க. அவுக குரலு கிடைக்குமா, கிடைக்காதா?"

"மதினி, எமலோகத்துக்கே கேபிள் இழுத்து எடுத்துத் தாரேன்."

"நான் ஒத்த வார்த்தை கேட்டேன்."

"கிடைக்கும்."

செப்டம்பர் 24

லேப்டாப்பின் சொந்த விண்டோஸ் படுத்துவிட்டது. வெளியிலிருந்து வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொண்டுபோய் எழுப்பி, உள்ளே இருப்பதை வழித்து எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பென்டிரைவ். சாமானியர்கள் ஒரு பென்டிரைவில் ஒரு சிஸ்டம்தான் ஏற்றுவார்கள். நான் ஏழு ஏற்றினேன். பழைய விண்டோஸ் இரண்டு, புதுசு இரண்டு, லினக்ஸ் இரண்டு, ரிப்பேருக்கென்றே பிறந்த ஒரு குட்டி. பெயர் வைத்தேன்: ஏழு லோகம்.

சூட்சுமம் சின்னது. முதலில் பென்டிரைவை அடியோடு அழித்து ஒரு குட்டி மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு சிஸ்டத்தையும் ஒற்றை ஃபைலாகச் சும்மா காப்பி செய்து போட வேண்டியதுதான். கம்ப்யூட்டரை அதிலிருந்து எழுப்பினால் ஒரு பட்டியல் வரும். யாராக விழிப்பது என்று நாம் சொல்ல வேண்டும். சொன்ன ஆளாக விழித்துக்கொள்ளும். தான் நேற்று யாராக இருந்தோம் என்ற கவலை அதற்குக் கிடையாது.

வாங்கியது ஜோடிப் பென்டிரைவ். இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே நிறம், ஒரே அளவு. ஸ்கெட்ச் பேனாவால் 1, 2 என்று எழுதிவிட்டேன். ஒன்று ஏழு லோகம். இரண்டு காலி.

செப்டம்பர் 27

பழைய மதர்போர்டுகளைத் தட்டித் துடைத்தேன். வேலை ஓடவில்லை. அண்ணன் ஞாபகம்.

எனக்கு அண்ணன் குரல் அப்படியே வரும். ஒருமுறை அவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸின் பின்னால் நின்று அவர் குரலில் "ரைட்!" என்றேன். டிரைவர் எடுத்துவிட்டார். வண்டி கண்டக்டர் இல்லாமல் சாத்தூர் வரை போனது. நாற்பது பயணிகள் ஓசியில் போய்ச் சேர்ந்து இன்றும் என்னை வாழ்த்துகிறார்கள்.

மதினி புதுப்பெண்ணாக வந்த காலத்தில் கதவுக்கு வெளியே நின்று அண்ணன் மாதிரி "ஏளா, காப்பி" என்பேன். காப்பி வரும். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா குரலில் "பஜ்ஜி கொண்டா" என்றேன். பஜ்ஜி வந்தது. பெண் வரவில்லை. அதோடு எனக்குக் கல்யாண யோகம் முடிந்தது.

அக்டோபர் 3

லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் 'டக்… டக்…' என்கிறது. இது நல்ல சத்தமில்லை. மூச்சு எண்ணுகிற சத்தம். ஏழு லோகத்தைச் செருகினேன். பட்டியல் வந்தது. ஐந்தாவது லோகத்தைத் தேர்ந்தெடுத்தேன். விழித்தது. டிஸ்கைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் மாதிரி கொதி. ஃபேனைத் திருப்பி அதன் மேல் வைத்துக்கொண்டு, 'ரஞ்சனி கல்யாணம்' என்ற அந்த ஒரே ஃபைலை மட்டும் இரண்டாம் நம்பர் பென்டிரைவுக்கு இழுத்தேன். அரை மணி நேரம் எடுத்தது. முடிந்த கையோடு டிஸ்க் நின்றுவிட்டது. இனி எழாது.

மதினிக்குப் போன் போட்டேன். "எடுத்தாச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "மகராசனா இருப்பீங்க தம்பி."

அக்டோபர் 4

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, எனக்கு வந்த கடிதமில்லை. நாலு நிமிஷம். மகளுக்கு என்னென்னமோ சொல்கிறார், நல்ல நல்ல வார்த்தைகள். கடைசியில் என்னைப் பற்றி ஒன்று. அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்தக் கடைசியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். பத்தொன்பது தடவை.

அக்டோபர் 7

இன்னொரு பிரதி எடுத்துவைக்க வேண்டும். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் 'மூணு காப்பி வைக்காதவன் முட்டாள்' என்று பிரசங்கம் செய்கிறவன் நான்.

மதினி கேட்டார், எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று. ஸ்பீக்கர் சத்தம் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்றேன். சரிசெய்ய ஒன்றுமில்லை. இன்னும் நாலு நாள் என்னிடம் இருந்தால் என்ன?

அக்டோபர் 11

ஆயுத பூஜை. அண்ணன் இறந்த வருஷம், பங்காளி வீடு. எங்களுக்குப் பண்டிகை கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பால்வண்ணம் அண்ணாச்சி கேட்கவில்லை. "தீட்டு உமக்குத்தான்வே, ஸ்குரு டிரைவருக்கு ஏது தீட்டு?" என்று என் சாமான்களையெல்லாம் ஒரு தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டுபோய்த் தன் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் பரப்பினார். இடுக்கி, மல்டிமீட்டர், கீபோர்டு, இரண்டு பென்டிரைவ். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மெஷினுக்கு மாலை. பொரியும் அவல்கடலையும் எனக்கு ஒரு பொட்டலம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தின்றேன்.

அக்டோபர் 14

அண்ணாச்சி சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டால் ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்து! "புதுப்பொண்டாட்டி மாதிரி இருக்கு பாரும்" என்றார். சந்தனத்தோடு நம்பரும் போயிருந்தது. இரண்டு பென்டிரைவும் பிறந்த மேனிக்கு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டையும் செருகி உள்ளே பார்த்திருக்க வேண்டும். பத்து விநாடி வேலை. கொம்பையாவா பார்ப்பான்? கையில் எடுத்தாலே கனம் சொல்லும் எனக்கு! இடது பக்கம் இருந்ததுதான் ஏழு லோகம் என்று கை சொன்னது.

ரிப்பேருக்கு வந்த அச்சகம் ஒன்றின் பழைய கம்ப்யூட்டர் ஏழு லோகத்தை ஏற்கவில்லை. பென்டிரைவை அழித்து, பழைய மெஷின்களுக்கு ஒத்துவரும் முறையில் மறுபடி ஏற்ற வேண்டும். செய்தேன். 'இதில் உள்ள எல்லாம் அழியும், சம்மதமா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். 'நிச்சயமாகவா?' என்று இரண்டாம் தடவையும் கேட்டது. கல்யாணத்தில்கூட மாப்பிள்ளையை இத்தனை தடவை கேட்கமாட்டார்கள். ஆமாம் என்றேன். ஏழு சிஸ்டத்தையும் மளமளவென்று காப்பி செய்தேன்.

பிறகு மற்றதைச் செருகினேன். அதிலும் ஏழு லோகம் இருந்தது.

அக்டோபர் 15

கடை திறக்கவில்லை.

அக்டோபர் 18

அழிந்ததை மீட்கிற மென்பொருள் நான்கையும் ஓட்டினேன். அழித்ததோடு விட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். அண்ணன் குரல் கிடந்த இடத்தின் மேல் ஏழு லோகத்தையும் கொட்டி மூடியிருக்கிறேன். தோண்டினால் லினக்ஸ்தான் வருகிறது.

லேப்டாப் டிஸ்கை மதுரையில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே தகடே கீறிப்போச்சு சார்" என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தேன். கண்டக்டர் சின்னப்பையன். டிக்கெட் கொடுத்துவிட்டு விசில்தான் ஊதினான். இப்போது யாரும் "ரைட்" சொல்வதில்லை.

அக்டோபர் 20

மதினி போன். "தம்பி, கல்யாண மண்டபத்துல முதமுதலா கேட்டா எனக்குத் தாங்காது. நெஞ்சு வெடிச்சிரும். அதுக்கு முன்னால வீட்டுல ஒருக்கக் கேட்டுக்கிடுதேன். எப்பக் கொண்டாரீங்க?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உள்ளே ஒரு பட்டியல் வந்தது. யாராக விழிக்கட்டும்?

"வார ஞாயித்துக்கிழமை, மதினி."

அக்டோபர் 24

இரண்டு நாள் ஐஸ் தண்ணீர் குடித்துத் தொண்டையைக் கட்டவைத்தேன். மத்தியானம் ஷட்டரை இறக்கினேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. போனை முன்னால் வைத்து, அண்ணனாக உட்கார்ந்தேன்.

பேசத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. அவர் மகளுக்கு என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை. நாலு நிமிஷத்தில் மூன்றரை நிமிஷம் அவளுக்கானது. அதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் காது கொடுக்காமல். நானே இட்டுக்கட்டினேன். 'எல்லாச் சீட்டும் ரொம்பின பஸ்ஸு மாதிரி உன் வீடு நெறைஞ்சிருக்கணும் தாயி' என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடும்.

கடைசிப் பகுதி மட்டும் தானாக வந்தது, மூச்சு வாங்கிய இடம்கூட மாறாமல்.

மூன்றாவது தடவை சரியாக அமைந்தது. கேட்டுப் பார்த்தேன். அண்ணனேதான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அக்டோபர் 27

அண்ணன் வீட்டு முன்னறை. மதினி, ரஞ்சனி, மதினியின் தம்பி கதிரேசன், அவர் சம்சாரம். தாலி கட்டுவதற்கு முன் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறவர்கள் இந்தத் தம்பதிதான் என்பது ஏற்பாடு. என்னைப் போலத் தனிக்கட்டை அதற்கு ஆகாது.

ஓடவிட்டேன். "ரஞ்சனி…" என்ற முதல் வார்த்தைக்கே பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதாள். மதினி அண்ணன் படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பகுதி வந்தது. இப்போது எழுதலாம், ஊருக்கே தெரிந்துவிட்டது:

"ஒஞ் சித்தப்பன் பொய்யன்தான். பொய் பேசாட்டி அவனுக்குச் சோறு எறங்காது. ஆனா ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுதுக்கிட்டு வந்தீய. அவன் ஒருத்தன்தான் என்னைச் சிரிக்க வச்சான். தாரை வார்க்க என் எடத்துல அவன் நிக்கட்டும். பொண்டாட்டி இல்லாதவன்னு ஒதுக்கிராதிய."

கதிரேசன் எழுந்து என் கையைப் பிடித்தார். "அத்தான் வாக்கு. நீங்களே நில்லுங்க மச்சான்." ரஞ்சனி, "நீங்கதான் சித்தப்பா, நீங்கதான்" என்றாள்.

மதினி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. எங்களுக்குக் கிடையாது. ஊரே வெடித்தது. நான் பட்டு வேட்டிக்குக் கஞ்சி போட்டேன்.

நவம்பர் 4

காலை பதினொரு மணி. மதினி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கவுண்டரில் கை வைத்துக்கொண்டு நின்றார். எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி தலையைச் சாய்த்திருந்தார்.

"என்ன மதினி?"

"அந்தச் சத்தம் என்ன தம்பி?"

"எந்தச் சத்தம்?"

அவர் விரலை உயர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து மடக்கினார். மறுபடி உயர்த்தி மடக்கினார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு அது கேட்டது. கீ. கீ.

"நீங்க குடுத்துட்டுப் போனதத்தான் வாரம் முழுக்கப் போட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்," என்றார் மதினி. "அவுக மூச்சு விடுத எடத்திலெல்லாம் இது கேக்கு. எங்க வீட்டுல ஏது இப்பிடி ஒரு சத்தம், எங்கேயோ கேட்டிருக்கமேன்னு யோசிச்சேன். லேப்டாப்பக் கொண்டாந்த அன்னைக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தேன்லா."

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ஸ்பிரிட், ஜோடிப் பென்டிரைவ், இரண்டு தடவை கேட்ட கேள்வி, கீறிப்போன தகடு. ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து உண்மை பேசியது அதுவே முதல் தடவை.

"அழிஞ்சது கைத்தப்பு. அதை மன்னிச்சிருவேன்," என்றார். "எங்க மனசு நோகக் கூடாதுன்னு அவுக மாதிரி பேசினீங்க. அதைக்கூட மன்னிச்சிருவேன். அந்தக் கடைசிய எதுக்குச் சேத்தீங்க? செத்தவுக வாயால உங்களுக்கு எடம் கேட்டு வாங்கிட்டீங்களே தம்பி."

"மதினி, அது மட்டும் அண்ணன் சொன்னது. நான் சேர்க்கலை."

அவர் சிரித்தார். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பஸ்ஸு சாத்தூர் போன மாதிரியா?"

வாசல் வரை போய்த் திரும்பினார். "புள்ளைக்குத் தெரிய வேண்டாம். அவ அப்பா பேசினதாவே இருந்துட்டுப் போகட்டும். தாரை வார்க்க மட்டும் நீங்க நிக்க வேண்டாம். நீங்களாவே ஏதாச்சும் சொல்லி வெலகிக்கிடுங்க. கதை சொல்ல உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

நவம்பர் 5

ரஞ்சனிக்குப் போன் போட்டேன். இடுப்பும் குறுக்கும் பிடித்துக்கொண்டது, மணவறையில் நிற்க முடியாது, மாமாவும் அத்தையுமே தாரை வார்க்கட்டும் என்றேன்.

"சித்தப்பா, கதை விடாதீங்க."

"இல்லம்மா, நெசமாத்தான்."

"ஐயோ, ரொம்ப வலிக்கா? தைலம் தேச்சீங்களா?"

இதை நம்பிவிட்டாள்.

நவம்பர் 8

கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தேன். குறுக்கில் கை வைத்துக்கொள்ள அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டேன். பால்வண்ணம் அண்ணாச்சி கையை நீட்டி, "என்னவே, ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனத்துக்கு இன்னைக்குப் பதில் மொய்யா?" என்றார். வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மேளம் நின்றது. மைக்கில் வீடியோக்காரர், "மணமகளின் தந்தை பேசுகிறார்" என்றார். மண்டபம் அடங்கியது. ஸ்பீக்கரில் நான் பேசினேன். பஸ் சீட்டு வந்த இடத்தில் அழுதார்கள். டிப்போவிலிருந்து வந்திருந்த பழைய டிரைவர்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். "அவரேதான்யா, உலகநாதனேதான்" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் விம்மினார். மூச்சு விடும் இடத்திலெல்லாம் கீ, கீ. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"…நெறைஞ்சிருக்கணும் தாயி." அதோடு நின்றது. வெட்டச் சொல்லியிருக்கிறார் மதினி. சுத்தமாக வெட்டியிருந்தான் அந்த வீடியோக்காரன், நல்ல வேலைக்காரன்.

மேளம் கொட்டியது. கதிரேசன் தாரை வார்த்தார். எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்றவர்களின் தலைகள் மறைத்தன.

நவம்பர் 9

பேட்டரி மாற்றினேன். கடை ரொம்ப அமைதியாக இருக்கிறது. உட்கார முடியவில்லை.

பென்டிரைவ் இரண்டும் மேஜையில் கிடக்கின்றன. இரண்டிலும் ஏழு லோகம். ஆகப் பதினான்கு. புராணக் கணக்கும் அதுதான். செருகினால் யாராக வேண்டுமானாலும் விழிக்கும்.

யாரும் நம்பமாட்டீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். சரிதான். பஸ் சாத்தூர் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டார், அண்ணன் ஓடிவந்து என் காதைத் திருகினார். கலெக்டர் ஆபீஸ் பக்கமே நான் போனதில்லை. முறைத்துப் பார்த்து ஒரு கம்ப்யூட்டரும் எழுந்ததில்லை. ஆசீர்வாதம் நான் பேசியது.

வெட்டி எறிந்தார்களே, அந்தக் கடைசித் துண்டு, அது மட்டும் அண்ணன் சொன்னது.